நான்தான் கைப்பிடி

கிரேன் ஓட்டக் கற்றுத்தரும் அந்தப் பயிற்சி நிலையத்தில் கிரேன் கிடையாது. முன்பு ஒன்று இருந்தது. ஆட்களுக்கு ஆபத்து என்று அதைப் பிரித்துப் பின்பக்கக் கொட்டகையில் போட்டுவிட்டார்கள். அதற்குப் பதிலாக இரண்டாம் மாடியில் ஒரு சிமுலேட்டர் வந்தது. ஒரு நாற்காலி, எதிரே மூன்று திரைகள், திரைகளில் ஒரு துறைமுகம், நாற்காலிக் கையில் ஒயரோடு ஒரு கன்ட்ரோல் பேட். பேடில் இரண்டு குமிழ்களும் பன்னிரண்டு பொத்தான்களும். அதைப் பிடித்துத்தான் நாற்பது மாணவர்கள் திரைக்குள் இருக்கும் கப்பலிலிருந்து திரைக்குள் இருக்கும் லாரிக்குப் பெட்டிகளை இறக்கப் பழகினார்கள்.

ஒருநாள் சிறப்பு விருந்தினர் ஒருவர் வந்தார். திரையில் தெரிந்த கடலைப் பார்த்துப் பரவசப்பட்டுக் கையை விரித்தார். கோப்பையிலிருந்த காப்பி முழுவதையும் பேட் குடித்துவிட்டது.

"பரவாயில்ல சார், பரவாயில்ல" என்று பிரின்சிபால் விருந்தினரின் சட்டையைத்தான் துடைத்தார். பேடை யாரும் துடைக்கவில்லை. அதைத் துடைக்க ஆள் இருக்கிறாள் அல்லவா.

அந்த ஆளை எல்லோரும் லேபம்மா என்று கூப்பிட்டார்கள். பதினோரு வருடமாகத் தற்காலிக உதவியாளர். பதினோரு மாதத்துக்கு ஒருமுறை வேலையை விட்டு நிறுத்தி, ஒரு வாரம் கழித்து மறுபடி சேர்த்துக்கொள்வார்கள். அந்த ஒரு வாரத்தில் எது கெட்டுப்போனாலும் வீட்டுக்குப் போன் வரும். "வேலைக்கு வரச் சொல்லலம்மா, சும்மா வந்துட்டுப் போங்க." அவளும் சும்மா போய்ச் சரிசெய்துவிட்டு வருவாள். ஏன் போகிறோம் என்று பேருந்தில் திரும்பும்போது யோசிப்பாள். கெட்டுப்போன பொருள் ஒன்று எங்கோ காத்திருக்கிறது என்று தெரிந்தால் அவளால் நிம்மதியாக உட்கார முடியாது. இது நல்ல குணமா, பிறர் ஏறி மிதிக்க வசதியான குணமா என்று அவளுக்கு இதுவரை பிடிபடவில்லை.

பேடை மாற்றித் தரச் சொல்லிக் கம்பெனிக்கு எழுதியதற்கு, அந்த மாடல் இப்போது தயாரிப்பில் இல்லை, முழு சிமுலேட்டரையும் புதிதாக வாங்கிக்கொள்ளலாம் என்று பதில் வந்தது. அவள் மகளின் விளையாட்டுப் பேடைக் கொண்டுவந்து செருகிப் பார்த்தாள். 'சரியான கைப்பிடி இணைக்கப்படவில்லை' என்று திரை முகத்தைத் திருப்பிக்கொண்டது.

அந்த ஒரு வரியை அவள் சாப்பாட்டு நேரம் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தாள். சரியானது என்று இதற்கு எப்படித் தெரியும்? கண்ணா இருக்கிறது? செருகிய உடனே கம்ப்யூட்டர் கேட்கிறது, நீ யார் என்று. செருகப்பட்டது தன் கம்பெனி எண்ணையும் பொருள் எண்ணையும் சொல்கிறது. எனக்கு இத்தனை குமிழ், இத்தனை பொத்தான் என்று ஒரு பட்டியலும் கொடுக்கிறது. கம்ப்யூட்டர் அதை அப்படியே நம்பிவிடுகிறது. சான்றிதழ் கேட்பதில்லை, அசலைக் கொண்டுவா என்பதில்லை, நாளைக்கு வா என்பதில்லை. பதினோரு வருடத்தில் அந்தக் கட்டடத்தில் அவள் பார்த்த மிக மரியாதையான உரையாடல் அதுதான்.

அப்படியானால், சரியாகப் பதில் சொல்லத் தெரிந்த எதுவும் கைப்பிடிதான்.

ஸ்டோர் அறையில் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் நீளமான சிறிய கம்ப்யூட்டர் போர்டுகள் நான்கு கிடந்தன. ஒரே பலகையில் முழுக் கம்ப்யூட்டரும் அடங்கிய வகை. ஸ்லைடு சார் முன்பு ஆரம்பித்துவைத்த 'அறிவார்ந்த வருகைப் பதிவு' திட்டத்தின் மிச்சம் அவை. ஸ்லைடு சார்தான் அவளுடைய பிரிவுத் தலைவர். எதைக் கேட்டாலும் ஸ்லைடு போட்டுக் காட்டுவார் என்பதால் அந்தப் பெயர். வருகைப் பதிவுத் திட்டத்துக்கு அறுபது ஸ்லைடு போட்டார். கடைசிவரை ஒருவருடைய வருகையும் பதிவாகவில்லை.

அந்த வகைப் போர்டின் ஓரத்தில் இரண்டு யூ.எஸ்.பி. துளைகள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். பார்க்க இரட்டைப் பிள்ளைகள். ஒன்று மின்சாரம் வாங்க மட்டும். இன்னொன்று மின்சாரமும் வாங்கும், பேசவும் பேசும். பேசும் துளையை வேறொரு கம்ப்யூட்டரில் செருகினால், போர்டைத் தானே ஒரு பேட் என்று சொல்லிக்கொள்ள வைக்கலாம். காப்பி குடித்த பேடின் எண்கள் சிமுலேட்டர் கம்ப்யூட்டரின் பழைய பதிவுகளில் கிடைத்தன. மதிய இடைவேளைகளில் மூன்று வாரம் உட்கார்ந்து அவள் அந்த நடிப்புக்கான புரோகிராமை எழுதினாள்.

கைக்குப் பிடிக்க ஏதாவது வேண்டுமே. கொட்டகையில் கிடந்த நிஜக் கிரேனின் லெவர்களைக் கழற்றித் தரச் சொன்னபோது கிரேன் மாஸ்டர் முகத்தில் அப்படி ஒரு பிரகாசம். முப்பது வருடம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர், இப்போது பாடம் நடத்துகிறார்.

"அந்தப் பொம்மைக் குமிழைப் பிடிச்சுப் பிடிச்சு என் கட்டைவிரலுக்கே வெக்கமா இருந்துச்சும்மா. இந்தாங்க, எடுத்துக்கோங்க. எங்கேயாவது உருப்படியா இருக்கட்டும்."

ஒவ்வொரு லெவரும் டக், டக் என்று படிப்படியாக நகரும். படிக்கொரு ஒயரை இழுத்துப் போர்டின் ஊசிகளில் சால்டர் வைத்தாள். செருகினாள். திரை முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. கைப்பிடி இணைக்கப்பட்டது என்றது. மாஸ்டர் உட்கார்ந்து லெவரை இடது பக்கம் தள்ளினார். கொக்கி மேலே ஏறியது. கீழே இழுத்தார். கிரேன் ஹாரன் அடித்தது.

"என் மருமகன் மாதிரியே இருக்கும்மா இது. வாங்கன்னா போறான், போங்கன்னா உக்காந்துக்கறான்."

"கொஞ்சம் பொறுங்க மாஸ்டர், நான் ஏதோ தப்பாச் சொல்லிக் குடுத்திருக்கேன்."

"மருமகனுக்கும் அப்படித்தான் யாரோ சொல்லிக் குடுத்திருக்காங்க."

தப்பைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆயிற்று. கம்ப்யூட்டர் எட்டு எட்டாக எண்ணும். பொத்தான்கள் பன்னிரண்டு. இரண்டாவது எட்டில் நான்கு இடம் காலி. அந்த நான்கும் காலி என்று பட்டியலில் சொல்லாமல் விட்டிருந்தாள். அதனால் பின்னால் வந்ததெல்லாம் நான்கு இடம் முன்னால் நகர்ந்துவிட்டது. இல்லாததையும் இல்லை என்று சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டால் அடுத்தவன் வந்து அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்கிறான். இதைப் புரிந்துகொண்டபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த பிறகு அவ்வளவு சிரிப்பாக இல்லை.

சரிசெய்த பிறகு மாஸ்டர் ஒரு பெட்டியைத் தூக்கி லாரி மேல் வைத்தார். முட்டை வைப்பது போல வைத்தார். பிறகு கொஞ்ச நேரம் எழுந்திருக்காமல் லெவர் மேலேயே கையை வைத்திருந்தார். அவள் வேலைக்கு யாராவது மேடை போட்டுப் பாராட்டியிருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு நிறைந்திருக்காது.

நிறைந்ததோடு விட்டிருக்கலாம். அவள் போய்ப் பிரிவுத் தலைவரிடம் சொன்னாள். சொல்லத்தான் வேண்டும். நிரந்தர டெக்னீசியன் பதவி ஒன்றுக்கு விண்ணப்பம் கேட்டிருந்தார்கள். படிவத்தில் ஒரு கட்டம்: 'தாமாகச் செய்த தொழில்நுட்பப் பணி.' அதற்கு அடுத்த கட்டம்: 'அதற்கான சாட்சியம், பிரிவுத் தலைவர் கையொப்பத்துடன்.' பதினோரு வருடமாக அவள் செய்ததெல்லாம் பழுதுபார்த்தல். பழுதுபார்த்த பொருளில் பழுதுபார்த்தவள் தெரிவதில்லை. முதல்முறையாக, இல்லாத ஒன்றை உண்டாக்கியிருந்தாள். அந்தக் கட்டத்தில் எழுத ஒரு வரி கிடைத்திருந்தது.

ஸ்லைடு சார் வந்து பார்த்தார். லெவரைத் தொடவில்லை, சுற்றி வந்து போட்டோ எடுத்தார்.

"பிரமாதம்! இதைத்தான் நான் ரொம்ப நாளா சொல்லிட்டிருக்கேன்."

எதை, யாரிடம் என்று அவள் கேட்கவில்லை. மறுவாரமே அதற்கு ஒரு பெயர் வந்துவிட்டது: 'ஒருங்கிணைந்த அறிவார்ந்த கட்டுப்பாட்டு இடைமுகத் தளம்.' அங்கீகாரம் புதுப்பிக்க வரும் ஆய்வுக்குழுவுக்குக் காட்ட முப்பத்துநான்கு ஸ்லைடுகள். முதல் ஸ்லைடில் அவர் படம். பதினேழாவது ஸ்லைடில் சால்டர் வைக்கும் ஒரு கை, மணிக்கட்டுவரை. அவள் வளையல் தெரிந்தது. கீழே 'ஆய்வக ஆதரவு' என்று இருந்தது.

"சார், அந்தப் படிவத்துல உங்க கையெழுத்து..."

"குழு வந்துட்டுப் போகட்டும்மா. அப்புறம் நிதானமா உக்காந்து பேசிப்போம்."

"அன்னிக்கு சாயங்காலம்தான் சார் கடைசி. குழு கையிலேயே குடுத்து அனுப்பணுமாம்."

"நான் இருக்கேன்ல?"

அவர் இருப்பதுதான் பிரச்சினை என்பதை அவளால் சொல்ல முடியவில்லை.

வீட்டில் கணவன் எரிச்சல்பட்டான். "நான் செஞ்சேன்னு மூணு வார்த்தை கூட இல்ல, ரெண்டே வார்த்தை. அது ஏன் உன் வாயில வர மாட்டேங்குது?"

"எல்லாருக்கும் தெரியும்ல."

"தெரியும்னா யாருக்கு? மாஸ்டருக்கும் அந்த லெவருக்கும் தெரியும். வேற யாருக்குத் தெரியும்?"

அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே யோசித்தாள். கேட்டால் சொல்லிவிடுவேன். யாரும் கேட்க மாட்டேன் என்கிறார்களே. கேட்காமல் தானாகச் சொல்வது, கூப்பிடாத வீட்டில் போய்ச் சாப்பிட உட்காருவது போல அவளுக்குக் கூசியது. கூச்சம் இல்லாதவர்கள்தான் எல்லா வீட்டிலும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பதும் அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

குழு வரும் நாளன்று ஒன்பதரைக்கு அவள் மாடி ஏறியபோது போர்டைக் காணவில்லை. அதன் இடத்தில் ஒரு டிரங்குப் பெட்டி அளவுக்குப் பளபளக்கும் எஃகு டப்பா நின்றது. வெல்டிங் பிரிவில் அடித்துவாங்கியது. முன்பக்கம் வரிசையாகப் பச்சை, சிவப்பு விளக்குகள் மாறி மாறி மினுக்கின. போர்டு அந்த டப்பாவுக்குள் எங்கோ, பெரிய மண்டபத்தில் குந்தியிருக்கும் ஒற்றை ஆள் போல. முந்தைய மாலை, அவள் கிளம்பிய பிறகு, ஸ்லைடு சார் தன் கையாலேயே வைத்து மூடி, எட்டு திருகாணியையும் முறுக்கியிருந்தார்.

"எப்படி? சும்மா அந்தத் துண்டு போர்டை நீட்டினா குழுவுக்கு என்ன மரியாதை இருக்கும்? பொருள்னா ஒரு கனம் வேணும்."

அவள் டப்பாவின் பின்பக்கம் போனாள். கம்ப்யூட்டர் கேபிள் நுழைய ஒரே ஒரு ஓட்டை வெட்டியிருந்தார்கள். குனிந்து எட்டிப் பார்த்தாள். இரண்டு துளைகளில் ஒன்றுதான் ஓட்டைக்கு நேராக வந்திருந்தது. மின்சாரம் மட்டும் வாங்கும் துளை; கேபிள் அதில்தான் செருகியிருந்தது. பேசும் துளை எஃகுத் தகட்டுக்குப் பின்னால் வாய் மூடி நின்றது.

"எரியுதா?" என்று முன்பக்கத்திலிருந்து கேட்டார் ஸ்லைடு சார்.

"எரியுது சார்."

"அவ்வளவுதான்!"

"ஓட்டிப் பாத்தீங்களா சார்?"

"நாற்காலிக்குப் புது உறை போட்டிருக்கு. யாரும் உக்காரக்கூடாதுன்னு பிரின்சிபால் உத்தரவு. குழுத் தலைவி வந்து பாக்கறப்போ ஒரு சுருக்கம் இருக்கக்கூடாது."

அப்போது அவள் சொல்லியிருக்க வேண்டும். நாக்கின் நுனிவரை வந்தது. எட்டு திருகாணி, ஐந்து நிமிடம். பதினோரு வருடமாக இதைத்தானே செய்கிறாள்: கெட்டுப்போகும் முன்பே போய் நிற்பது. அந்த அனிச்சையில் கைகூட லேப் கோட்டுப் பையிலிருந்த திருப்புளிக்குப் போனது. போன கை அங்கேயே நின்றது.

மறந்துபோய்ச் சொல்லாமல் விடவில்லை. பயந்துபோயும் இல்லை. பார்த்தாள், புரிந்துகொண்டாள், வாயை மூடிக்கொண்டாள். தன்னை யோக்கியமானவள் என்று நினைத்து வாழ்ந்த ஒருத்திக்கு அந்த ஒன்றரை மணி நேரம் விசித்திரமாக இருந்தது. குழாய்த் தண்ணீர் நான்கு டம்ளர் குடித்தாள். இது பழிவாங்குவதா? பழி என்ற சொல் பெரிதாக இருந்தது. இது வெறும் வேலை நிறுத்தம் என்று சொல்லிப் பார்த்தாள். அதுவும் முழுப் பொய் இல்லை. ஆனால் அடிவயிற்றில் இருந்த சின்னக் குதூகலத்துக்கு அந்தச் சொல்லால் கணக்குச் சொல்ல முடியவில்லை.

பதினொன்றுக்குக் குழு வந்தது. கண்ணாடி போட்ட தலைவி, தூக்கத்தை மென்று விழுங்கிக்கொண்டிருந்த ஒரு பெரியவர், தடித்த நோட்டோடு குறிப்பெழுதும் அதிகாரி. முப்பத்துநான்கு ஸ்லைடுகளும் ஓடின. பதினேழாவது ஸ்லைடில் அவள் வளையல் நான்கு நொடி நின்றுவிட்டுப் போனது. பெரியவர் இருபதாவது ஸ்லைடில் தூங்கிவிட்டார்.

"இப்ப நேரடியா இயக்கிக் காட்டறேன்" என்று ஸ்லைடு சார் புது உறையின் மேல் உட்கார்ந்தார். லெவரைப் பிடித்து டக் என்று தள்ளினார்.

திரையில், துறைமுகத்தை மறைத்துக்கொண்டு, அந்தப் பழைய வரி வந்து நின்றது: 'சரியான கைப்பிடி இணைக்கப்படவில்லை.'

"ஆரம்பிக்க ஒரு நிமிஷம் எடுத்துக்கும்" என்றார். டக், டக். டக்டக்டக். டப்பா விளக்குகள் குதூகலமாக மினுக்கின. "தளம் தயாராயிட்டிருக்கு."

"காத்து பலமா இருக்கோ என்னமோ" என்றார் கிரேன் மாஸ்டர் கதவோரத்திலிருந்து. "பலமாக் காத்தடிச்சா கிரேனை நிறுத்திடறதுதான் முறை."

பிரின்சிபால் மாஸ்டரைப் பார்த்த பார்வையில் தோல் உரிந்தது. பெரியவர் விழித்துக்கொண்டு, முடிந்துவிட்டது என்று நினைத்துக் கைதட்டினார். தலைவி கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று நிமிடம். மூன்று நிமிடம் என்பது எவ்வளவு நீளம் என்று ஸ்லைடு சாரின் காதோரம் வழிந்த வியர்வை சொன்னது. அதைப் பார்த்து லேபம்மாவுக்குப் பாவமாகத்தான் இருந்தது. பாவப்பட்டும் அவள் நகரவில்லை.

"இதை யார் செஞ்சது?" என்றாள் தலைவி.

முப்பத்துநான்கு ஸ்லைடும் பதில் சொன்ன கேள்விதான் அது. ஸ்லைடு சார் எழுந்தார். புது உறை கசங்கியிருந்தது.

"மேடம், உண்மையைச் சொல்லிடறேன்" என்றார். அவர் குரலில் அப்படி ஒரு நேர்மையை அந்தக் கட்டடம் அதுவரை கேட்டதில்லை. "நான் நிர்வாகத்தைப் பாக்கறவன். இதுல என் கை படவே இல்ல. யோசனை, ஒயர், புரோகிராம் எல்லாமே முழுக்க முழுக்க எங்க லேப் உதவியாளர் செஞ்சது. இதோ நிக்கறாங்களே, இவங்கதான். நான் நம்பிட்டேன், அவ்வளவுதான் என் தப்பு."

எல்லாத் தலையும் அவள் பக்கம் திரும்பியது. பதினோரு வருடத்தில் ஒருமுறைகூட அப்படித் திரும்பியதில்லை. கேட்டால் சொல்வேன் என்றிருந்தாளே, இதோ கேட்டாகிவிட்டது.

"ஆமாங்க" என்றாள். "நான்தான் செஞ்சேன். முழுக்க."

பிறகு, குறிப்பெழுதும் அதிகாரியின் பேனா அசையாமல் இருப்பதைப் பார்த்து, "சார், அதை எழுதிக்கோங்க" என்றாள்.

"எதம்மா?"

"பிரிவுத் தலைவர் இப்போ சொன்னதை."

அவர் ஆச்சரியத்தோடு எழுதினார். தன்மேல் குற்றம் எழுதச் சொல்லிக் கேட்ட ஆளை அவர் பார்த்திருக்க மாட்டார். முற்றுப்புள்ளி வைக்கும்வரை அவள் காத்திருந்தாள். பிறகு திருப்புளியை எடுத்தாள்.

எட்டு திருகாணி. மூடி திறந்ததும் தலைவி எழுந்துவந்து உள்ளே எட்டிப் பார்த்தாள். அவ்வளவு பெரிய டப்பாவுக்குள் விரல் நீளப் போர்டு.

"இந்த விளக்கெல்லாம் எதுக்கு? போர்டோட சேரலையே, தனி பேட்டரியில எரியுதே?"

"அழகுக்குங்க."

தலைவியின் உதடு கோணியது. சிரிப்பை அடக்கப் பழகிய உதடு. லேபம்மா கேபிளை ஒரு துளையிலிருந்து பிடுங்கி, ஒரு விரலளவு தள்ளிப் பக்கத்துத் துளையில் செருகினாள். "அரை நிமிஷம் ஆகுங்க" என்றாள். அரை நிமிடம்தான் ஆனது. துறைமுகம் வெளிச்சமாயிற்று. கூப்பிடாமலே மாஸ்டர் வந்து உட்கார்ந்தார். பெட்டியைத் தூக்கினார், திருப்பினார், லாரி மேல் வைத்தார். பெரியவர் மறுபடி கைதட்டினார். இம்முறை சரியான இடத்தில்.

"மேடம், என்னோட வழிகாட்டுதல்ல..." என்று ஆரம்பித்தார் ஸ்லைடு சார்.

குறிப்பெழுதும் அதிகாரி நோட்டிலிருந்து தலையைத் தூக்கினார். "சார், 'என் கை படவே இல்லை'ன்னு சொன்னீங்களே. அதை அடிச்சிடட்டுமா? அடிச்சா ஓரத்துல நீங்களும் தலைவியும் கையெழுத்துப் போடணும். ஏன் அடிச்சோம்னு காரணமும் எழுதணும்."

கேலி எதுவும் இல்லாமல் கேட்டார். விதிமுறை அப்படி. ஸ்லைடு சார் காதோர வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "இருக்கட்டும்" என்றார்.

மாலை நான்கு மணிக்கு அவர் லேபுக்கு வந்தார். கையில் அவள் படிவம். சாட்சியக் கட்டத்தில் கையெழுத்து போட்டிருந்தார். குழுவின் குறிப்பில் ஏறிவிட்ட ஒன்றுக்குக் கையெழுத்து மறுத்தால் அவருக்குத்தான் சிக்கல். படிவத்தை மேசையில் வைத்துவிட்டுப் போகாமல் நின்றார். ஸ்லைடு இல்லாமல் நிற்கும்போது அவர் சின்ன உருவமாகத் தெரிந்தார்.

"காலையில பின்பக்கம் போய்ப் பாத்தீங்களே. அப்பவே தெரியுமா?"

தெரியாது என்று சொல்வது எவ்வளவோ எளிது. அவர் நம்பியிருப்பார். நம்பத்தான் விரும்பினார்.

"தெரியும் சார்."

"சொல்லியிருக்கலாமே. இத்தனை வருஷப் பழக்கம்."

"சொல்லியிருந்தா மேடம் கேட்டப்போ என்னைக் கை காட்டியிருப்பீங்களா?"

உடனே பதில் சொல்லிவிடுவார் என்று நினைத்தாள். அவர் உண்மையாகவே யோசித்தார். ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"மாட்டேன்" என்றார்.

"நீங்க இதைக் குழுகிட்ட சொல்லலாம் சார். இன்னும் கிளம்பல, கீழதான் இருக்காங்க."

"சொன்னா, டப்பாவுல ஓட்டையை எங்கே வெட்டினேன்னு சேர்த்துச் சொல்லணும்." அவர் வாசல்வரை போய்த் திரும்பினார். "அந்த டப்பாவையாவது வச்சிருப்பீங்களா?"

"ஒயர்த் துண்டு போட்டு வச்சுக்கறேன் சார்."

அவர் போன பிறகு அவள் படிவத்தை இழுத்து, காலியாக இருந்த முதல் கட்டத்தில் எழுதினாள்: சிறிய கம்ப்யூட்டர் போர்டு ஒன்றைக் கிரேன் சிமுலேட்டரின் கைப்பிடியாகச் செயல்பட வைத்தது. கட்டத்துக்குள் அடங்கியது. வெற்றி என்றால் நெஞ்சு நிமிரும் என்று கேள்விப்பட்டிருந்தாள். அவளுக்கு, புதுச் செருப்பு குதிகாலில் கடிப்பது போல எங்கோ ஓரிடம் உரசிக்கொண்டிருந்தது. போகப் போகப் பழகிவிடும். பழகாமல் போனால் நல்லது என்றும் ஒரு நினைப்பு வந்தது. கீழே கார் கிளப்பும் சத்தம் கேட்டது. அவள் படிவத்தை எடுத்துக்கொண்டு படிக்கட்டில் ஓடினாள், "மேடம், ஒரு நிமிஷம்! மேடம்!" என்று உரக்கக் கூப்பிட்டுக்கொண்டே.